நலாக்சோன் ஸ்பிரே, சிறுநீர் டெஸ்ட் கிட், மாத்திரைப் பூட்டுப் பெட்டி: சந்தேகம் வந்த வீட்டுக்கு எது வேண்டும்?

ஒரு மாதத்துக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை பதினைந்தே நாளில் தீர்ந்துபோகிறது. கேட்டால் தொலைந்துவிட்டது என்கிறார், வலி தாங்கவில்லை என்கிறார், கடையில் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார். நாளுக்கொரு காரணம். ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டதும் பல குடும்பங்கள் முதலில் தேடிப் போவது சிறுநீர் டெஸ்ட் கிட்டைத்தான். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, எப்படிக் கேட்பது, எப்போது கேட்பது என்று தயங்கித் தயங்கியே வாரங்கள் ஓடிவிடும். மூச்சு நின்றுபோகும் ஆபத்து அந்த வாரங்களிலும் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது.

எனவே எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நலாக்சோன் மூக்கு ஸ்பிரேயை வாங்குங்கள்; இந்த வலி மருந்துகளின் அளவு மீறி மூச்சு நின்றால் அதைத் திரும்பக் கொண்டுவரும் மாற்று மருந்து அது. அடுத்தது மாத்திரைப் பூட்டுப் பெட்டி. டெஸ்ட் கிட் கடைசி. பல வீடுகளுக்கு அது தேவையே இல்லை. உண்மை தெரிந்த பிறகு ஸ்பிரே வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் ஒன்றே அதை வாங்கப் போதுமான காரணம்.

பேச்சு எந்த மருந்துகளைப் பற்றியது என்பது தெளிவாக இருக்கட்டும். மார்ஃபின், கோடீன், டிரமடால், டாபென்டடால், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், ஃபென்டனைல், மெத்தடோன், புப்ரெனார்ஃபின், தெருவில் விற்கும் ஹெராயின் எல்லாமே ஓபியாய்டு குடும்பம்தான். கோடீன் கலந்த இருமல் மருந்தும் இதில் சேர்ந்தது. வலியைக் குறைக்கும் அதே வேலையோடு, மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியையும் இவை மந்தப்படுத்துகின்றன. அளவு மீறும்போது ஆளைக் கொல்வது இந்த மந்தம்தான். 2019-இல் போதைப்பொருள் பயன்பாட்டால் உலகில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் இறந்தார்கள், அதில் 80 சதவீதத்துக்கு நெருக்கமான மரணங்கள் ஓபியாய்டு தொடர்பானவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எந்தக் கிட்டையும் விடத் தினமும் கூட இருப்பவரின் கண்ணும் காதும் நன்றாகவே வேலை செய்யும். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் கண்மணி. வெளிச்சம் குறைந்த அறையில் யாருக்கும் கண்மணி விரியும். ஓபியாய்டு எடுத்தவருக்கு இருட்டறையிலும் அது ஊசிமுனை அளவில் சுருங்கியே இருக்கும். பழகப் பழக உடம்பு இந்த மருந்தின் பல விளைவுகளைத் தாங்கிக்கொள்ளும். கண்மணிச் சுருக்கத்தையும் மலச்சிக்கலையும் மட்டும் அவ்வளவாகத் தாங்கிக்கொள்வதில்லை. எனவே காரணமில்லாமல் மலமிளக்கி டப்பா ஒன்று வீட்டில் அடிக்கடி தீர்ந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரமடால், பெத்திடின் போன்றவற்றில் கண்மணி சுருங்காமலும் இருக்கலாம். ஆகவே கண் இயல்பாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

அடுத்து நாளின் ஏற்ற இறக்கம். சில மணி நேரம் ஆள் நிதானமாக, கனிவாக, சற்று மந்தமாக இருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே இமை சரியும், தாடை நெஞ்சில் இறங்கும், கூப்பிட்டால் விழித்து விட்ட இடத்திலிருந்து பேசுவார். மூக்கையும் கன்னத்தையும் சொறிந்துகொண்டே இருப்பார். பிறகு, மருந்தின் வேகம் இறங்கியதும், காட்சி மாறும். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கண்ணில் நீர், தோலில் மயிர்க்கூச்சம், வியர்வை, கால் வலி, வயிற்றுப்போக்கு, இருப்புக்கொள்ளாத எரிச்சல். ஹெராயின் போன்ற குறுகிய நேர மருந்துகளில் இந்த விலகல் அறிகுறிகள் கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். மெத்தடோன் போன்று நீண்ட நேரம் நிற்பவற்றில் 12 முதல் 48 மணி நேரம் ஆகலாம். வெறும் சளி என்றால் குளியலறைக்குப் போய் வந்த இருபது நிமிடத்தில் காணாமல் போகாது. சளியும் எரிச்சலும் அப்படிச் சட்டென்று மறைந்து முகம் தெளிகிறது என்றால் அது பலமான அறிகுறி.

பொருட்களும் பேசும். காலி மாத்திரை அட்டைகள் குப்பைத்தொட்டியில் இல்லாமல் புத்தகத்துக்குப் பின்னாலும் பை ஜிப்புக்குள்ளும் கிடைப்பது, காலி இருமல் மருந்து பாட்டில்கள், கருகிய கோடு ஓடும் அலுமினியத் தாள், துண்டாக வெட்டிய ஸ்ட்ரா, அடிப்பக்கம் கறுத்த ஸ்பூன், சர்க்கரை நோய் இல்லாத வீட்டில் இன்சுலின் சிரிஞ்சு. ஒரே வலிக்கு இரண்டு மூன்று டாக்டர்களின் சீட்டு இருப்பதும் இந்த வரிசையில் சேரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டாக்டர் சொன்ன அளவில் பல மாதம் ஓபியாய்டு எடுக்கும் புற்றுநோயாளிக்கும், மருந்தைத் திடீரென நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் வரும். உடல் பழகிவிட்டது என்பதற்கும் அடிமையாகிவிட்டார் என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அளவு தானாக ஏறுகிறதா, வலி இல்லாத நேரத்திலும் தூக்கத்துக்காகவோ மனசு லேசாவதற்காகவோ எடுக்கிறாரா, மாத்திரையைப் பொடித்து உறிஞ்சுகிறாரா, அதற்காக வேலையும் உறவும் பின்னுக்குப் போகின்றனவா? அந்த இடைவெளியை இந்தக் கேள்விகள்தான் காட்டும். உண்மையான வலியில் இருப்பவரின் மருந்தைப் பயத்தில் பிடுங்கி வைப்பது கொடுமை.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு ஆபத்து பாராசிட்டமால். டிரமடால், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகியவை பல நேரம் பாராசிட்டமாலோடு சேர்ந்த மாத்திரையாகவே வருகின்றன. போதைக்காக ஒரு நாளில் பத்துப் பதினைந்து மாத்திரை போடுபவர், பெரியவர்களுக்கான உச்ச வரம்பான 4 கிராம் பாராசிட்டமாலைத் தெரியாமலே தாண்டிவிடுவார். முதல் நாளில் வாந்தியைத் தவிர ஒன்றும் தெரியாது. கல்லீரல் பாதிப்பு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளியே வரும். நலாக்சோன் இதற்கு எதுவும் செய்யாது. அசிடைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து, மாத்திரை போட்ட 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். எனவே காலி அட்டையில் என்னென்ன மருந்து எத்தனை மி.கி. என்று படித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

சிறுநீர் டெஸ்ட் கிட்: கடைசி இடம்

பெட்டியில் 'ஓபியேட்' என்று அச்சிட்ட ஒற்றைப் பட்டை கிட்டைத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். அந்தப் பட்டை தேடுவது மார்ஃபினை. ஹெராயினும் கோடீனும் உடம்பில் மார்ஃபினாக மாறுவதால் சிக்கும். டிரமடால், ஃபென்டனைல், மெத்தடோன், புப்ரெனார்ஃபின் சிக்காது. ஆக்சிகோடோன் சரியாகச் சிக்காது. டிரமடாலை அட்டை அட்டையாக விழுங்கும் ஒருவருக்கு இந்தக் கிட் நல்ல சான்றிதழ் கொடுத்துவிடும். பெற்றோர் அதை நம்பித் தூங்கப்போவார்கள். இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை இதுதான்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் ஃபென்டனைல், டிரமடால், ஆக்சிகோடோன், மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டை உள்ள பல பட்டைக் கோப்பையை வாங்குங்கள். பட்டையின் வெட்டளவையும், அதாவது ஒரு மி.லி. சிறுநீரில் எவ்வளவு மருந்து இருந்தால் பாசிட்டிவ் காட்டும் என்ற எல்லையையும் பாருங்கள். 300 நானோகிராம் பட்டை கசகசா சேர்ந்த பண்டம் சாப்பிட்டவரையும் பிடித்துவிடும். அந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்க அரசுப் பணியாளர் சோதனைகளில் 1998-இல் வெட்டளவை 300-இலிருந்து 2000 நானோகிராமுக்கு உயர்த்தினார்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் பொய்யான பாசிட்டிவ் காட்டக்கூடும்.

கோட்டைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. கர்ப்பப் பரிசோதனைக்கு நேர் எதிர் இது. சி, டி இரண்டு கோடும் தெரிந்தால் நெகட்டிவ். டி கோடு மிக மங்கலாக, இழை போலத் தெரிந்தாலும் நெகட்டிவ்தான். சி மட்டும் வந்து டி வராவிட்டால்தான் பாசிட்டிவ். சி வரவில்லை என்றால் பட்டையே செல்லாது. பெட்டியில் சொன்ன நேரத்துக்குள் படித்துவிடுங்கள்; ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்த கோட்டுக்கு அர்த்தம் கிடையாது. கோப்பை வெளியே ஒட்டிய வெப்பமானி, சிறுநீர் வந்த 4 நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் மாதிரி மாற்றப்பட்டிருக்கலாம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் வெப்பம் சரியாக இருக்கும், மருந்தோ வெட்டளவுக்குக் கீழே போயிருக்கும். பெரும்பாலான ஓபியாய்டுகள் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரைதான் சிறுநீரில் நிற்கும். வீட்டில் வந்த பாசிட்டிவை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வசதியுள்ள ஆய்வகம் உறுதிசெய்யாமல் யாரையும் குற்றம் சாட்டாதீர்கள்.

கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். கோப்பையை நீட்டி "இதில் போய்க் கொண்டு வா" என்று கேட்கும் வீட்டில் அதன் பிறகு உண்மை பேசப்படுவதில்லை. அவர் இன்னும் ஆழமாக ஒளிப்பார், கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக எடுப்பார். தனியாக எடுப்பவருக்கு மூச்சு நின்றால் ஸ்பிரே அடிக்க ஆள் இல்லை. டாக்டரின் மேற்பார்வையில், அவர் சம்மதத்தோடு, சிகிச்சையின் ஒரு பகுதியாக நடக்கும் சோதனை வேறு. அதற்கு நாங்கள் எதிரிகள் இல்லை.

நலாக்சோன் மூக்கு ஸ்பிரே: கட்டாயம் வாங்குங்கள்

நலாக்சோனுக்கு 1961-இல் காப்புரிமை கோரப்பட்டது. ஊசி மருந்தாக அமெரிக்காவில் 1971-இல் அனுமதி கிடைத்தது. 4 மி.கி. மூக்கு ஸ்பிரே 2015-இல் வந்தது. 2023 மார்ச்சில் அதே ஸ்பிரே, நார்கான் என்ற பெயரில், அங்கே மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதிக்கப்பட்டது. எல்லா நாட்டிலும் இந்த நிலை இல்லை; சில இடங்களில் சீட்டு வேண்டும், சில இடங்களில் ஊசியாக மட்டுமே கிடைக்கும். ஓபியாய்டு எடுப்பவரின் பக்கத்தில் இருக்கக்கூடிய குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் நலாக்சோன் கைக்கெட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே பரிந்துரைத்துவிட்டது. எனவே குடும்ப டாக்டரிடம் நேராகவே கேட்கலாம், கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. மூளையில் ஓபியாய்டு உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நலாக்சோன் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. மூச்சு திரும்புகிறது. ஓபியாய்டு எடுக்காதவருக்கு அடித்தால் குறிப்பிடும்படி ஒன்றும் ஆகாது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்கூட உயிர் போகும் நிலையில் கொடுக்கலாம். ஓபியாய்டுதானா என்று உறுதியாகத் தெரியாமலே அடிக்கத் துணிவு தருவது இந்தப் பாதுகாப்புதான்.

எப்போது அடிப்பது? ஆள் எழவில்லை, மூச்சு மெதுவாகிவிட்டது அல்லது நின்றுவிட்டது, கண்மணி ஊசிமுனையாக இருக்கிறது. இந்த மூன்றில் முதல் இரண்டு போதும். ஐந்து வினாடிக்கு ஒரு மூச்சுகூட வரவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. உதடும் நகக்கண்ணும் நீலம் பூக்கும். கறுத்த தோலில் நீலம் தெரியாது. சாம்பல் பூத்தது போல இருக்கும். உதட்டின் உள்பக்கம், ஈறு, உள்ளங்கையைப் பாருங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம், அதாவது குறட்டை. வழக்கத்துக்கு மாறான ஆழமான குறட்டையும், தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போன்ற களகளச் சத்தமும் நிம்மதியான தூக்கம் என்று தோன்றும். "பாவம், நாலு நாளாகத் தூங்கவில்லை, தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டு வருவார்கள். அந்தச் சத்தம் காற்றுப்பாதை அடைபடும் சத்தம். உள்ளே போய்ப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். கைமுட்டியால் நெஞ்செலும்பின் மேல் ஐந்து பத்து வினாடி அழுத்தித் தேயுங்கள். சாதாரணத் தூக்கத்தில் இருப்பவர் கோபத்தோடு கையைத் தட்டிவிடுவார். தட்டிவிடவில்லை என்றால் வேலையைத் தொடங்குங்கள்.

ஆம்புலன்ஸுக்கு அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். ஆளை மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஸ்பிரேயின் பின்பக்கத் தாளை உரித்து எடுங்கள். கட்டைவிரல் அடியில் உள்ள அழுத்தியின் கீழே, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் குழலின் இருபுறம். பிடரிக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தலையைப் பின்னால் சாயுங்கள். குழலை ஒரு மூக்குத் துளைக்குள் இரண்டு விரலும் மூக்கின் அடியைத் தொடும் வரை நுழைத்துவிட்டு, கட்டைவிரலால் ஒரே மூச்சில் முழுவதும் அழுத்துங்கள். உள்ளே போவது 0.1 மி.லி.தான். மூக்கின் ஈரச்சவ்வு வழியாகவே இரத்தத்தில் சேர்வதால் ஆள் மூச்சை இழுக்க வேண்டியதில்லை. மூச்சே இல்லாதவருக்கும் வேலை செய்யும்.

மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் சும்மா நிற்கக் கூடாது. தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஐந்து வினாடிக்கு ஒரு மூச்சு, மார்பு ஏறும் அளவுக்கு ஊதுங்கள். ஆம்புலன்ஸ் லைனில் இருப்பவர் மார்பை அழுத்தச் சொன்னால் அழுத்துங்கள். ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனால் மூளை பாதிக்கத் தொடங்கும் என்பதால், ஸ்பிரே அடிப்பதைப் போலவே மூச்சு கொடுப்பதும் உயிர் காக்கும். மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை என்றால் பெட்டியில் உள்ள இரண்டாவது ஸ்பிரேயை அடுத்த மூக்கில் அடியுங்கள். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து மேல் முழங்காலை மடக்கி முன்னால் வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே போகும், நுரையீரலுக்குள் இறங்காது.

தவறு நடக்கும் இடங்கள் மிகச் சாதாரணமானவை. சளி ஸ்பிரேயைப் போல ஒரு தடவை காற்றில் அடித்துப் பார்ப்பது முதலாவது. உள்ளே ஒரே ஒரு டோஸ்தான். சோதித்துப் பார்த்தால் அந்த ஸ்பிரே காலி. இரண்டாவது, பதற்றத்தில் மூக்குக்குள் போகும் முன்பே கட்டைவிரல் அழுந்திவிடுவது. எனவே குழல் உள்ளே போகும் வரை கட்டைவிரலைத் தளர்வாகவே வையுங்கள். மூன்றாவது, ஆளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து அடிப்பது. தலை முன்னால் தொங்கினால் மருந்து வெளியே வழிந்துவிடும், காற்றுப்பாதையும் மடங்கும். மூக்கு நிறையச் சளியோ இரத்தமோ இருந்தால் கண்ணில் தெரிவதைத் துடைத்துவிட்டு, சற்றே திறந்திருக்கும் பக்கத்தில் அடியுங்கள். குளிர்ந்த நீரை முகத்தில் ஊற்றுவது, கன்னத்தில் அறைவது, காபி புகட்டுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும். புகட்டியது நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குக் கறாரான கருத்து உண்டு. பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். ஒளித்தும் வைக்காதீர்கள். யாருக்காக வாங்கினீர்களோ அவர் உட்பட எல்லோருக்கும் இடம் தெரிய வேண்டும். அவரால் தனக்குத் தானே அடித்துக்கொள்ள முடியாது, ஆனால் கூட இருக்கும் நண்பருக்கு இடம் சொல்ல அவரால்தான் முடியும். 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைப்பது நல்லது. 40 டிகிரி வரை சிறிது காலம் தாங்கும் என்றாலும் வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் கிடக்கவிடக் கூடாது. மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், உறைந்தால் அடிக்காது. நார்கான் 4 மி.கி. ஸ்பிரேயின் ஆயுளை 2024-இல் நான்கு வருடமாக நீட்டினார்கள். பழைய பெட்டிகளில் அதில் அச்சிட்ட தேதிதான் கணக்கு. காலாவதியான ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் அதையே அடியுங்கள். வீரியம் குறைந்திருக்கலாம், அதனால் கெடுதல் வராது.

இப்போது எந்த அளவு என்ற கேள்வி. கடையில் 8 மி.கி. ஸ்பிரேயும் உண்டு. வீரியம் மிகுந்த ஃபென்டனைல் பரவியிருக்கும் காலத்தில் பெரியதுதான் நல்லது என்று விற்பார்கள். எங்கள் பரிந்துரை 4 மி.கி. தான். நியூயார்க் மாநிலக் காவலர்கள் இரண்டையும் பயன்படுத்தியதை ஒப்பிட்டு 2024-இல் வந்த ஆய்வில், உயிர் பிழைத்தவர்கள் விகிதத்தில் வேறுபாடு இல்லை. 8 மி.கி. பெற்றவர்களுக்கு வாந்தி உள்ளிட்ட விலகல் அறிகுறிகள்தான் கூடுதல். தேவைப்பட்டால் இரண்டாவது 4 மி.கி. கையில் இருக்கிறது, அடித்த 8-ஐத் திரும்ப எடுக்க முடியாது. நால்மெஃபீன் ஸ்பிரே என்ற இன்னொன்று 2023-இல் அமெரிக்காவில் வந்தது. அது பல மணி நேரம் நிற்கும், அதோடு விலகல் வேதனையும் பல மணி நேரம் நிற்கும். வீட்டு முதலுதவிக்கு அதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஸ்பிரே கிடைக்காத இடத்தில் 0.4 மி.கி. ஆம்பூல் நல்ல மருந்துதான், விலையும் குறைவு. மூக்கு வழியாகப் போகும் நலாக்சோனில் தசை ஊசியோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. ஸ்பிரேயில் அளவு பத்து மடங்கு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆம்பூலின் சிக்கல் கை நடுக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிக் கழுத்தை உடைக்க வேண்டும், சிரிஞ்சில் ஏற்ற வேண்டும், தொடையின் வெளிப்பக்கத் தசையில் குத்த வேண்டும். ஆம்பூல், சிரிஞ்சு, ஊசி மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். நர்ஸ் ஒருவரிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மது, தூக்க மாத்திரை, அல்ப்ரசோலம் போன்ற பென்சோடையசெபின், தெருச் சரக்கில் கலக்கும் சைலசின் ஆகியவற்றை நலாக்சோன் தொடாது. இவை ஓபியாய்டோடு சேர்ந்திருந்தால் மூச்சு திரும்பியும் ஆள் விழிக்காமல் கிடக்கலாம். விழிக்கவில்லையே என்று மேலும் மேலும் அடிக்க வேண்டாம். மூச்சு சீராக வருகிறதா என்பதுதான் அளவுகோல். டிரமடாலைப் பாதி அளவுக்குத்தான் முறிக்கும், வலிப்பும் வரலாம். புப்ரெனார்ஃபின் மூளையில் இறுகப் பிடித்துக்கொள்வதால் கூடுதல் டோஸ் தேவைப்படலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும். மெத்தடோனும், மெதுவாகக் கரையும் மாத்திரையும், தோலில் ஒட்டிய ஃபென்டனைல் பட்டையும் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். ஆள் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றும் இல்லை, ஆம்புலன்ஸை அனுப்பிவிடு" என்பார். அனுப்பாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து யாருமில்லாத அறையில் மூச்சு மறுபடி நிற்கலாம். தோலில் பட்டை ஒட்டியிருந்தால் முதலிலேயே பிய்த்துவிடுங்கள்.

எழுந்ததும் நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். வாந்தி, நடுக்கம், கோபம் எல்லாம் ஒன்றாக வரும்; சண்டைக்கும் வரலாம். சற்றுத் தள்ளி நின்று, "உனக்கு மூச்சு நின்றுவிட்டது, மருந்து கொடுத்தோம், டாக்டர் வருகிறார்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். விலகல் வேதனை தாங்காமல் உடனே இன்னொரு டோஸ் எடுக்கத் தேடுவார். நலாக்சோன் தேயும் நேரமும் அந்த இரண்டாவது டோஸ் ஏறும் நேரமும் ஒன்றாகச் சேரக் கூடாது. அதனால் விட்டு நகராதீர்கள்.

ஸ்பிரே வீட்டில் இருந்தால் அவருக்குத் துணிச்சல் வந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஸ்பிரே கொடுப்பது போதையை அல்ல, மேலே சொன்ன விலகல் வேதனையை. அந்த அனுபவத்துக்கு ஆசைப்பட்டு யாரும் அளவைக் கூட்டுவதில்லை.

பூட்டுப் பெட்டி: இரண்டாவது இடம்

எண் பூட்டுள்ள சிறிய இரும்புப் பெட்டி, அடியில் திருகாணி போடத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தூக்கிக்கொண்டு போக முடிகிற பெட்டி பூட்டியும் பயனில்லை. சாவிப் பூட்டை விட எண் பூட்டு நல்லது, சாவி எப்போதும் ஒரே ஆணியில் தொங்கும். பெட்டிக்குள் ஒரு தாளை வைத்து, தேதி, எடுத்த எண்ணிக்கை, மீதி என மூன்று நிரல் எழுதுங்கள். யாருக்கு வலி மருந்து எழுதினார்களோ அவருக்கு ஒரு நாள் அளவை மட்டும் வெளியே வையுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் சந்தேகமே இல்லாவிட்டாலும் இந்தப் பெட்டி வேண்டும்; பெரியவருக்கு ஒரு வேளைக்கான மாத்திரை தவழும் குழந்தையின் உயிரை எடுத்துவிடும். தோலிலிருந்து கழற்றிய ஃபென்டனைல் பட்டையிலும் மருந்து நிறைய மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, மிச்ச மாத்திரைகளோடு மருந்துக் கடையில் திருப்பி வாங்குகிறார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் இந்தப் பெட்டியைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். தினமும் எடுத்துப் பழகியவரின் மாத்திரையை ஒரே இரவில் பூட்டிவைத்தால் அவர் தெருவில் தேடுவார். அங்கே மாத்திரை உருவில் கிடைப்பதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பூட்டும் நாளுக்கு முன்பே டாக்டரைப் பார்க்கும் நாள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் கொடுத்து நடத்தும் சிகிச்சை மரண ஆபத்தைக் குறைக்கிறது. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்று உறவினர்கள் அதைத் தடுப்பார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

வெறுமனே பத்து நாள் அட்மிட் ஆகி மருந்தை நிறுத்திவிட்டு வருவதுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருவது. அந்தப் பத்து நாளில் உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும், ஆசை இறங்குவதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தடவை சறுக்கி, பழைய அளவையே எடுத்தால் அதே அளவு இப்போது கொல்லும். சிறையிலிருந்து வருபவருக்கும், நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வருபவருக்கும் இதே கதைதான். முதல் சில வாரங்கள் மிக மோசமானவை. குணமாகிவிட்டாரே, இனி எதற்கு என்று ஸ்பிரேயைத் தூக்கி உள்ளே வைப்பதும் சரியாக அந்த வாரங்களில்தான் நடக்கிறது. அவர் வீட்டுக்கு வரும் நாளுக்கு முன்பே பெட்டியின் காலாவதி தேதியைப் பாருங்கள், இரண்டு ஸ்பிரேயும் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணுங்கள், பகலில் அவரோடு வீட்டில் தனியாக இருக்கப்போவது யாரோ அவரை உட்காரவைத்து உறையைப் பிரிக்காமலேயே பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுங்கள்.